“மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்க்கா”ன்னு சொன்னவங்ககிட்ட ₹2,47,300 விட்டுட்டு உக்காந்திருக்கேன்

இப்பதான் போனை வெச்சேன். “மேடம், உங்க டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு, புதுசா ஒண்ணு ரெய்ஸ் பண்ணுங்க”ன்னு ஒரு பொண்ணு சொல்லிட்டுக் கட் பண்ணிட்டா. ஏற்கெனவே பதினொரு புகார் டிக்கெட் போட்டாச்சு. கோபம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன், ஆறிட்டா “விடு, தலையெழுத்து”ன்னு நானே சும்மா இருந்துடுவேன். ஆன்லைன்ல பொருள் விக்கிறவங்க, குடோன்காரங்ககிட்ட ஸ்டாக்கைக் கொடுக்கலாமான்னு யோசிக்கறவங்க முழுசா படிங்க. எதையெல்லாம் பாக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

நாங்க சென்னிமலை. தறிக்காரங்ககிட்ட பெட்ஷீட் எடுத்து இன்ஸ்டாவுலயும் எங்க வெப்சைட்லயும் விக்கிறோம். நாலு வருஷமா வீட்டு ஹால்லதான் பேக்கிங். நான் மடிப்பேன், அத்தை கவர்ல போட்டு ஒட்டி மார்க்கர்ல அட்ரஸ் எழுதுவாங்க, வீட்டுக்காரர் வண்டியில கொண்டுபோய் கொரியர்ல போடுவார். எது போச்சு, எது வந்துச்சுன்னு அத்தை ஒரு நாப்பது பக்க நோட்டுல குறிச்சு வெப்பாங்க. ஒரு பீஸ் தப்பினதில்லை. ஆனா ஒரு நாளைக்கு முப்பது ஆர்டர் தாண்டினா மூணு பேருக்கும் சோறு தண்ணி கிடையாது. போன தீபாவளிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டேப் கிழிச்சுட்டு இருந்தோம்.

அதான் இந்த வருஷம், ஸ்டாக்கை வாங்கி வெச்சு, ஆர்டர் வந்தா அவங்களே பேக் பண்ணி அனுப்பற கம்பெனி ஒண்ணைப் பிடிச்சோம். பேரு சொல்லல. செங்குன்றம் பக்கம் பெரிய குடோன், தலைமை ஆபீஸ் டெல்லியில, அவ்வளவு போதும்.

நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் கொடுத்தோம். அதுதான் இன்னும் வயிறு எரியுது. மேனேஜர்னு ஒரு தம்பி, இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். நான் கொண்டுபோன சாம்பிள் பெட்ஷீட்டோட ஓரத்தைப் புரட்டிப் பாத்து, “நல்ல கெட்டியா இருக்குக்கா, எங்க அம்மாவுக்குப் பெருந்துறைப் பக்கம்தான்”னான். பார்கோடு ஸ்டிக்கர் ஒண்ணை ஒட்டி, ஸ்கேனரை என் கையிலயே கொடுத்து, “முதல் பீஸ நீங்களே அடிங்கக்கா”ன்னான். டிட்னு சத்தம். செவுத்துல இருந்த பெரிய டிவியில எங்க கடை பேரு வந்து விழுந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க, பொய் சொல்லல. “நீங்க விக்கிறத மட்டும் பாருங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்க்கா.” அங்கயே போன்ல அக்ரிமென்ட் வந்துச்சு. பதினாலு பக்கம். கீழ தள்ளிக்கிட்டே போய் ஓடிபி போட்டேன்.

அத்தை மட்டும் கேட்டாங்க, “அம்முணி, பொருள கண்ணுல பாக்காம எப்படி விக்கறது?” நான் சிரிச்சேன்.

ஆடி முடிஞ்ச கையோட 440 செட் லாரியில போச்சு. நாலு நாள் கழிச்சு டாஷ்போர்டுல (அவங்க ஸ்டாக் கணக்கு காட்டற பக்கம்) 431 காட்டுச்சு. கேட்டா, “ஸ்கேன் ஆகாம இருக்கும்க்கா, நாளைக்கு ஏறிடும்.” இன்னும் ஏறல. அப்புறம்தான் அக்ரிமென்டைப் படிச்சேன். நூத்துக்கு ரெண்டு வரைக்கும் குறைஞ்சா கேக்கக்கூடாதாம். 440-க்குக் கணக்குப் போடுங்க, கிட்டத்தட்ட ஒன்பது. முதல் நாளே எடுத்துக்கிட்டாங்க.

முதல் மாசம் நல்லாத்தான் போச்சு. 88 செட் போய்ச் சேந்துச்சு, சிஓடி பணம் (பார்சலைக் கையில வாங்கறப்போ கஸ்டமர் கொடுக்கற காசு) எட்டாம் நாள் டாண்ணு வந்துச்சு. அதுக்கப்புறம் பணத்துல பிடித்தம் ஆரம்பிச்சுது. என்னன்னு பாத்தா வெயிட். எங்க டபுள் பெட்ஷீட், ரெண்டு தலகாணி உறையோட 1 கிலோ 100 கிராம். வீட்ல கவர்ல போட்டா தட்டையா இருக்கும். இவங்க அதை 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில போட்டு அனுப்பியிருக்காங்க. கொரியர்ல நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல வகுப்பாங்க. அப்படிப் பாத்தா 4.8 கிலோ. நெசமான எடையை விட இது ஜாஸ்தியா இருந்தா இதுக்குத்தான் காசு. அரைக் கிலோ ஒரு ஸ்லாப்னா, மூணு ஸ்லாப் வர வேண்டிய இடத்துல பத்து ஸ்லாப். பெட்டிக்குள்ள பெட்ஷீட் ஒரு மூலையில ஒதுங்கிக் கிடக்கற போட்டோவைக் கஸ்டமரே அனுப்பினாங்க. “கவர் ஸ்டாக் இல்லக்கா, அதான் பாக்ஸ்ல போட்டோம்.” அவங்ககிட்ட கவர் இல்லாததுக்கு நான் ₹22,460 கட்டியிருக்கேன்.

தஞ்சாவூர்ல இருந்து ஒரு பெரியம்மா போன் பண்ணினாங்க. “ஏம்மா, நான் நீலக்கலர் பெட்ஷீட் கேட்டேன், நீ முகத்துக்குப் பூசற க்ரீம் அனுப்பியிருக்கியே, நான் கறுப்பா இருக்கேன்னா?” சிரிக்கறதா அழறதா தெரியல. யாரோட க்ரீமோ. அவங்க கஸ்டமருக்கு எங்க பெட்ஷீட் போயிருக்கும்.

ஆர்டிஓ-ன்னு ஒண்ணு இருக்கு (வண்டி ஆபீஸ் இல்லைங்க, டெலிவரி ஆகாமத் திரும்பி வர்ற பார்சல்). “கஸ்டமர் வேண்டாம்னுட்டாங்க”ன்னு போட்டிருப்பாங்க. கஸ்டமருக்கு அடிச்சுக் கேட்டா, “யாருமே வரலையே, நான் வீட்லதானே இருந்தேன்”கறாங்க. போக வர ரெண்டு பக்கத்துக்கும் நமக்குத்தான் சார்ஜ். திரும்பி வந்தது குடோன்ல எந்த மூலையில போய் விழுந்துச்சுன்னு கேட்டா பதில் இல்லை.

அப்புறம் பணம் சுத்தமா நின்னுடுச்சு. 126 ஆர்டர் டெலிவரி ஆகி, ஜனங்க கையில காசு கொடுத்து வாங்கியிருக்காங்க. எங்களுக்கு வர வேண்டியது ₹1,38,600. அது எங்க பணம், அவங்க கைமாத்திக் கொடுக்கணும், அவ்வளவுதான் வேலை. “பேமென்ட் சைக்கிள்ல இருக்குக்கா.” “ஃபைனான்ஸ் டீம் பாத்துட்டு இருக்காங்க.” மொத மாசம் அக்கா, அடுத்த மாசம் மேடம், இப்ப ரெண்டு ப்ளூ டிக் மட்டும். அந்தத் தம்பி வேலையை விட்டுட்டானாம். அவனுக்கு அப்புறம் மூணு பேர் மாறிட்டாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் மொதல்ல இருந்து கதை சொல்லணும். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மெயில் வருது, “உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, அஞ்சு ஸ்டார் கொடுங்க”ன்னு.

கணக்கு இதுதான். 440-ல வித்தது 88-ம் 126-ம் போக 226 இருக்கணும். டாஷ்போர்டுல 72. காணாமப் போனது 154 செட், எங்க அடக்க விலை ₹560 வீதம் ₹86,240. சிஓடி ₹1,38,600. வெயிட்டுன்னு பிடிச்சது ₹22,460. மொத்தம் ₹2,47,300. ரெண்டு லட்சத்து நாப்பத்தேழாயிரத்து முன்னூறு. தறிக்காரர் தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தார். காபி குடிச்சார், மழையைப் பத்திப் பேசினார், பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டார். கேட்டிருந்தாலும் பரவாயில்லை.

மிச்சம் 72-ஐயாவது எடுத்துக்கறோம்னு சொன்னா, குடோன் வாடகை பாக்கி ₹9,850 கட்டினாத்தான் விடுவாங்களாம். எங்க ₹1,38,600 அவங்ககிட்ட இருக்கறப்போ! ஈரோட்டுல வக்கீலைப் பாத்தோம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 171-வது பிரிவுப்படி, பேங்க் மாதிரி ஒரு சிலரைத் தவிர மத்தவங்க பொதுவான பாக்கிக்காகப் பொருளைப் பிடிச்சு வெக்க முடியாது, ஆனா அக்ரிமென்ட்ல எழுதியிருந்தா முடியும்னார். பதினோராம் பக்கத்துல எழுதியிருக்கு. வழக்குன்னா டெல்லியிலதான்னு பதிமூணாம் பக்கத்துல இருக்கு. கன்ஸ்யூமர் கோர்ட்ல “வியாபாரத்துக்கு வாங்கின சேவை”ன்னு தள்ளப் பாப்பாங்க, ஆனா சொந்த உழைப்புல பிழைப்புக்குப் பண்றவங்களுக்கு விதிவிலக்கு இருக்கு, அதைப் பிடிச்சுப் போகலாம்கறார். போறோம்.

எதைப் பாக்கணும்னு விவரமா சொல்றேன்னேன். இப்ப அதுக்குத் தெம்பு இல்லைங்க. சட்டுனு தோணறது மட்டும்:

சிஓடி பணத்தை அவங்க கை வழியா வர விடாதீங்க. கொரியர்கிட்ட உங்க பேர்லயே கணக்கு வெச்சு நேரா பேங்க்குக்கு வர வெச்சுக்கோங்க. மொத தடவை அம்பது பீஸுக்கு மேல கொடுக்காதீங்க. இ-வே பில் (சரக்கு வண்டியில போறதுக்கு ஜிஎஸ்டி-க்காக ஆன்லைன்ல எடுக்கற சீட்டு), டெலிவரி சலான் (என்ன சரக்கு, எத்தனைன்னு கூடவே போற சீட்டு) ரெண்டையும் பத்திரமா வைங்க. தமிழ்நாட்டுக்குள்ள லட்சத்துக்கு மேல சரக்கு போனா இ-வே பில் வேணும்னு நாங்க போட்டோம், இப்ப 440 அனுப்பினோம்ங்கறதுக்கு அது ஒண்ணுதான் கையில இருக்கு. அவங்க குடோனை உங்க ஜிஎஸ்டி பதிவுல வியாபாரம் நடக்கற கூடுதல் இடமா சேத்திருந்தீங்கன்னா, வெளிய வந்ததும் எடுத்துடுங்க. பதினாலு பக்கத்தையும் படிங்க.

திங்கக்கிழமை டெம்போ பேசியாச்சு. ₹9,850-ஐக் கட்டிட்டு, 72-ஐயும் அங்கயே பிரிச்சு எண்ணி வீடியோ எடுத்துட்டுத்தான் ஏத்துவேன். அத்தையும் வரேங்கறாங்க, நோட்டை எடுத்துப் பையில வெச்சுட்டாங்க. செங்குன்றம் பக்கம் இதே மாதிரி மாட்டின யாராவது இருந்தா இன்பாக்ஸ் வாங்க, சேந்து போலாம்.