நிறம் மங்கிய பிசிடி, பளபளக்கும் புது செட்: டைவிங் கருவிகளுடன் பல வருட அனுபவம்

டைவிங் படகில் ஏறியதும் எல்லாரும் முதலில் பார்ப்பது அடுத்தவர் பையைத்தான். மாஸ்க், காலில் மாட்டும் ஃபின், காற்று ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் பிசிடி ஜாக்கெட் எல்லாம் ஒரே நீலத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தால் 'புது ஆள்' என்று முடிவாகிவிடும். கறுப்பு வெளுத்துச் சாம்பலாகி, முழங்காலில் ஒட்டுப் போட்ட வெட்சூட்டோடு வருபவருக்குத் தானாகவே ஒரு மரியாதை கிடைக்கும். புதுச்சேரியில் பார்த்திருக்கிறேன், அந்தமானின் ஹேவ்லாக்கில் பார்த்திருக்கிறேன், திருகோணமலையிலும் இதே கதைதான். "மாப்ள, டேக்கையாவது பிச்சுட்டு வந்திருக்கலாம்ல" என்று ஒருவர் சொல்வார், படகே சிரிக்கும், அந்தப் புது ஆளும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். ஆனால் அதற்கப்புறம் அவருக்குச் சந்தேகம் கேட்க வாய் வராது. இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காமல் போனது அதனால்தான். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் யார் அதிகம் கேட்க வேண்டுமோ, அவர் வாயைத்தான் முதலில் அடைக்கிறோம்.

சொந்தக் கருவிகளோடு நான் டைவ் செய்யத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. செட்டாக வாங்கியது எதுவும் இல்லை. கைக்கு வந்த நேரத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. எது எப்படிப் பழசாகிறது, அதில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பது இத்தனை வருடப் பழக்கத்தில் பிடிபட்டது.

ஃபினிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் சொல்ல நல்லது மட்டுமே இருக்கிறது. ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின். ஊரை விட்டுப் போன ஒரு பயிற்சியாளரிடம் பழசாகவே வாங்கினேன். 1965-இல் வந்த வடிவம், இன்றைக்கும் பெரிய மாற்றமில்லாமல் விற்பனையில் இருக்கிறது. முழுக்க ரப்பர், நல்ல கனம், கை நழுவினால் நேராக அடிக்குப் போய்விடும். ஓரங்கள் படகு ஏணியிலும் பாறையிலும் உரசி வட்டமாகிவிட்டன. உதைக்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ரப்பர் வாரில் மட்டும் வெடிப்பு வந்தது. ஸ்டீல் ஸ்பிரிங் வாருக்கு மாற்றினேன், அதோடு சரி.

மாஸ்க்கின் சிலிக்கான் மஞ்சளாகிப் பார்க்க நன்றாகவே இல்லை. ஆனால் முகத்தில் ஒட்டும் விளிம்பு இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது, தண்ணீர் கசிவதில்லை. உண்மையில் தொல்லை தருவது புது மாஸ்க்தான். தயாரிப்பின்போது கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் படிந்துவிடும். பற்பசை போட்டு நன்றாகத் தேய்த்து எடுக்காவிட்டால் இறங்கிய சில நிமிடங்களில் எதிரே இருப்பது எதுவும் தெரியாமல் ஆவி படியும்.

வெட்சூட் வேறு மாதிரி. குளிர் தாங்க உதவும் இந்த உடையின் நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் சின்னச் சின்ன வாயுக் குமிழ்கள் ஆழத்தின் அழுத்தத்தில் நசுங்கி நசுங்கி, வருடங்கள் போகப் போகத் துணியே மெலிந்துவிடும். கதகதப்பும் குறையும், மிதக்கும் தன்மையும் குறையும். என் பழைய மூன்று மில்லிமீட்டர் சூட்டில் கீழே இறங்குவதற்காகக் கட்டிய அதே ஈய எடையோடு புது சூட்டில் இறங்க முடியவில்லை, மேலேயே மிதந்தேன். இது யாருக்கும் நடக்கும். புது சூட் போட்ட முதல் டைவில் எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வெயிட் செக் கட்டாயம். புது செட்டோடு வருபவர் மேற்பரப்பில் தத்தளித்தால் அவருக்கு டைவிங் வரவில்லை என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் ஒரு கிலோ ஈயம் குறைவாக இருக்கும்.

நிறம் வெளுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், மரியாதையெல்லாம் அதற்குத்தானே போகிறது. பிசிடியை வெளுக்க வைப்பது வெயிலும் நீச்சல்குளத்துக் குளோரினும். வாரம் முழுக்கக் குளத்தில் பாடம் எடுப்பவரின் பிசிடி சீக்கிரமே வெளுத்துவிடும். மொட்டை மாடிக் கொடியில் தினமும் காயப்போட்டாலும் வெளுக்கும். அந்தச் சாம்பல் நிறத்தை வைத்து ஒருவர் எத்தனை ஆழம் பார்த்தவர் என்று சொல்லவே முடியாது.

எல்லாம் ஒரே நிறமாகப் பொருந்தி இருப்பதும் அப்படித்தான். தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் உறிஞ்சிவிடும். கடையில் தகதகவென்று இருந்த சிவப்பு செட், பத்து மீட்டர் தாண்டினால் டார்ச் அடிக்காதவரை மங்கலான பழுப்புதான். மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் மங்காது. அவசரத்துக்குப் பிறருக்குக் கொடுக்கும் ஆக்டோபஸ் ரெகுலேட்டரும் (மூச்சு விட உதவும் உதிரி வாய்க்கருவி) அதன் ஹோஸும் (காற்றுக்குழாய்) மஞ்சளில் வருவது அதற்காகத்தான். புதுச்சேரிக் கடல் கலங்கியிருக்கும் நாட்களில் கூட வருபவரின் மஞ்சள் ஃபினைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறேன். ஃப்ளோரிடாவின் குகை டைவர்கள் குழு முழுக்க ஒரே மாதிரி அமைப்பில் இறங்கும் வழக்கத்தை வளர்த்ததும் அழகுக்காக இல்லை. இருட்டில் தடவினாலும் நண்பரின் ஹோஸ் எங்கே இருக்கும் என்று கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பொருத்தம் பார்ப்பதானால் இப்படிப் பார்க்கலாம்.

இனி ரெகுலேட்டர், டேங்கிலிருந்து மூச்சுக்குக் காற்று தரும் கருவி. இங்கேதான் பழசின் மீதுள்ள மரியாதை ஆபத்தாகிறது. குக்கர் அடி கறுத்தால் சமையல் கெடாது, காஸ்கெட் போனால்தான் வம்பு. ரெகுலேட்டரிலும் பார்க்க வேண்டியது ரப்பரைத்தான். ஒருமுறை படகில் பக்கத்தில் இருந்தவரின் கிட் எல்லாரும் வியக்கும் அளவுக்கு அடிபட்டது. ரெகுலேட்டரில் டேங்கோடு மாட்டும் பகுதியான முதல்நிலையில் ஹோஸ் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கும், வளைவில் ஹோஸ் ஒடியாமல் காப்பதற்கு. அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இது எவ்வளவு கடல் பாத்தது தெரியுமாண்ணே?" என்றார், ஆனாலும் தள்ளினார். உறைக்கு அடியில் ஹோஸைச் சுற்றி மோதிரம் போல வெடிப்புகள். விரலால் வளைத்ததும் வெடிப்பு வாய் திறந்து உள்ளே இருக்கும் நூல்பின்னல் தெரிந்தது. அந்த ஹோஸில் ஒன்பது, பத்து பார் அழுத்தம் நிற்கும். தண்ணீருக்கடியில் அறுந்தால் சில நிமிடங்களில் டேங்க் காலி. படகின் உதிரிப் பெட்டியில் வேறு ஹோஸ் இருந்ததால் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. வெளியே பின்னல் போட்ட ஹோஸ்கள் பல வருடம் புதுசு மாதிரியே இருக்கும், வெடிப்பே தெரியாது. ஆனால் அவற்றில் சிலவற்றின் உள்குழாய் சிதைந்து, படிகம் மாதிரிப் படிந்து காற்று வரும் வழியை அடைத்ததை டைவர்கள் பாதுகாப்புக்கான டான் அமைப்பு படத்தோடு வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. அந்தச் சிதைவுக்கு வெப்பமும் ஈரமும் துணை. நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அதனால் வெளித்தோற்றத்தை நம்பாமல், வாங்கிய தேதியைக் குறித்து வைத்து ஹோஸை மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, முதல்நிலையில் காற்று நுழையும் இடத்தில் உள்ள சின்ன உலோக வடிகட்டி. மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தாலே தெரியும். அது பச்சை பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். பழைய ரெகுலேட்டர் வாங்குபவர்கள் அதன் மேற்புறக் கீறலை விட்டுவிட்டு இந்த வடிகட்டியை முதலில் பாருங்கள். சர்வீஸ் உதிரிகள் இன்னும் கிடைக்கிற மாடலா என்பது அடுத்த கேள்வி. என்னுடையதற்குக் கிடைக்கிறது, அதனால்தான் வைத்திருக்கிறேன்.

பிசிடியில் நான் பார்ப்பது காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் பட்டனை. உப்பு படிந்து அழுத்திய இடத்திலேயே அது நின்றுவிட்டால் காற்று நிற்காமல் ஏறி ஆளை மேலே தூக்கிவிடும். ஒவ்வொரு நாளும் டைவ் முடிந்ததும் பிசிடியின் காற்றுப் பைக்குள்ளே நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுவேன், பட்டனை நீருக்குள் வைத்துப் பலமுறை அழுத்துவேன். இரவு வாயால் ஊதி வைத்துக் காலையில் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். வெளுத்துக் கிடந்தாலும் என் பிசிடி இன்னும் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு: ஒரே நிற செட் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், எவர் சிரித்தாலும் பரவாயில்லை. கடலுக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் குளத்தில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கொக்கியையும் கழற்றி மாட்டிப் பழகுங்கள். பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் ஃபினைப் பழசாக வாங்கிக்கொண்டு, மிச்சத்தை ரெகுலேட்டருக்கும் அதன் சர்வீஸுக்கும் வையுங்கள். அடுத்த சீசனுக்கு முன்னால் என் கிட்டில் இரண்டு ஹோஸும் வெட்சூட்டும் மாறும். ஜெட் ஃபினை மாற்றும் எண்ணமில்லை.