தகடூர்ப் போர் நினைவு: சங்கப் பாடலா, நடுகல்லா?

தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட தருமபுரியில் போர் விட்டுச்சென்ற தடத்தை அறிய இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று சங்கப் பாடல், மற்றொன்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரவலாகக் கிடைக்கும் நடுகற்கள், அதாவது மாண்ட வீரருக்கு நட்ட நினைவுக் கற்கள்.

பாடல் உள்ளத்துக்கு நெருக்கமானது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்று 232ஆம் பாடல், மலைநாட்டையே கொடுத்தாலும் கொள்ளாத அவன், தன் நடுகல்லில் மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளைக் கொள்வானோ என்று கேட்கிறது. புரவலனை இழந்த புலவரின் கையறுநிலையைக் கடந்து, நெருங்கிய தோழனை இழந்தவரின் துயரமாகவே அதை நான் வாசிக்கிறேன். அதே தகடூரை வென்ற சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் புகழ்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை.

ஆனால் பாடல் பெரும்பாலும் வேந்தர், தலைவர்களையே சுற்றிவருகிறது. பிற்காலத்து நடுகற்களோ, பகைவர் கவர்ந்த ஆநிரையை (மாட்டு மந்தையை) மீட்டு மாண்ட சாதாரண வீரனின் பெயரையும் ஆட்சியாண்டையும் சில வரிகளில் பதிவுசெய்கின்றன. அவன் கையில் வில்லோ வாளோ இருக்கும், சில கற்களில் உடலில் அம்புகள் தைத்திருக்கும். அவன் வீட்டாரின் அழுகை மட்டும் அங்கே எழுதப்படவில்லை. ஆகவே பாடலைப் படித்த பிறகு தருமபுரி அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்களைக் காண்பதையே பரிந்துரைப்பேன்.