மூக்குத்தி எந்தப் பக்கம்? – மதுரையில் ஒரு ஃப்ரேம் கடை

அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. இது ஒரு போட்டோ ஃப்ரேம் கடை பற்றிய விமர்சனம்தான், ஆனால் கடைக்கு வரும் முன் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இறந்தவர் படம் எப்போதும் அவசரத்தில்தான் தயாராகிறது. விடியற்காலை நாலரைக்கு உயிர் பிரிந்தது, ஏழு மணிக்கெல்லாம் மாமா வந்து "நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புப்பா, போஸ்டருக்குக் குடுக்கணும்" என்று நிற்கிறார். அம்மாவுக்கு நல்ல போட்டோ ஏது? கல்யாண ஆல்பங்களில் எல்லாம் ஓரமாக, கையில் தாம்பாளத்தோடு, பாதி முகம். ஆதார் அட்டையில் இருப்பது யாரென்று அவளுக்கே சந்தேகம் உண்டு. கடைசியில் அக்கா மகள் போனில் ஒரு செல்ஃபி கிடைத்தது. சித்திரைத் திருவிழாவுக்குச் சேர்ந்து போனபோது எடுத்தது, அம்மா வாய்விட்டுச் சிரித்திருக்கிற ஒரே படம். அவள் எனக்கு வாட்ஸப்பில் அனுப்ப, நான் மாமாவுக்கு, மாமா போஸ்டர்காரருக்கு என்று கை மாறிப் போய், பத்து மணிக்குள் தெருமுக்கில் ‘கண்ணீர் அஞ்சலி’ ஒட்டியாகிவிட்டது. தத்தனேரி மயானத்துக்குப் போகிற வழியெல்லாம் அந்த முகம்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அதே படத்தை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். பெயர் வேண்டாம். 12க்கு 18 சைஸ், 850 ரூபாய், இரண்டு மணி நேரத்தில் கையில். பின்னாலிருந்த திருவிழாக் கூட்டத்தை அழித்துவிட்டு நீல வானம் வைத்திருந்தார்கள், சரி போகட்டும். முகத்தையும் நன்றாக வெளுத்துவிட்டிருந்தார்கள், கழுத்துச் சுருக்கத்தைக் காணோம். சித்தி வந்தார், மாலை போடாமல் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். "அக்கா மாதிரியே இல்லையேடா." வெளுப்பைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார், படம் அவர் முதுகுக்குப் பின்னால்.

அழுகை முதல் சில வாரங்களோடு ஓய்ந்துவிடுகிறது. பிறகு வருவதற்குத்தான் யாரும் நம்மைத் தயார் செய்வதில்லை. கேஸ் இணைப்பு அம்மா பெயரில். சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலில் நின்று நம்பர் கேட்பார், அது அம்மா போனுக்குத்தான் வரும், பெயர் மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அந்தப் போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். ஒருநாள் அதில் தையற்கார அக்காவிடமிருந்து செய்தி: ரெண்டு ஜாக்கெட்டும் ரெடி. அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, போய்ப் பணம் கொடுத்து வாங்கிவந்து பீரோவில் வைத்தேன். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஹாலைக் கடக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் படம் என்னவோ செய்தது. அம்மாவின் ஜாடையில் வேறு யாரோ பார்ப்பது போல.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள், எட்டடி அகலம் இருந்தால் அதிகம். ஒரு பக்கம் முருகன், மாதா, காபா படங்கள், இன்னொரு பக்கம் சட்டக் கம்புகள் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மகன் கம்ப்யூட்டரில், அப்பா கண்ணாடி அறுக்கிற மேஜையில். பெரியவருக்கு எழுபது இருக்கும். வெளுப்பைக் குறைத்துக் கொடுங்கள் என்று படத்தை நீட்டினேன். வாங்கிக் கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, அம்மா முந்தானையை எந்தத் தோள்ல போடுவாக?"

"எல்லாரையும் மாதிரி இடது தோள்லதான்ணே."

"இதுல வலது தோள்ல கிடக்கு பாருங்க. மூக்குத்தி எந்தப் பக்கம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்பத்தாறு வருஷம் பார்த்த முகம். கடை வாசலுக்கு வந்து சித்திக்குப் போன் போட்டேன். "வலது பக்கம்டா, குத்தும்போது நான்தான கையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார் யோசிக்காமல். படத்தில் இடது பக்கம் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். செல்ஃபி கேமரா நமக்குக் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிக் காட்டுகிறது, சில போன்களில் படமும் அப்படியே பதிவாகிவிடுகிறது. செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம், யார் பார்க்கிறார்கள்? எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. அம்மாவுக்கு ஒரு கண் லேசாகச் சொருகினாற்போல இருக்கும், சிரிப்பும் ஒரு பக்கம் கூடுதலாக ஏறும். எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. போஸ்டர்காரர், ஸ்டூடியோ, நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. ஆண்கள் படமென்றால் சட்டைப் பையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாராம் பெரியவர்.

திருப்பி அச்சடிப்பது ஒரு சொடுக்கு வேலை. மகன் அதைச் செய்யவில்லை, மூலப் படத்தைக் கேட்டார். இது வரப்போகிறவர்களுக்கு உபயோகப்படும்: வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நீளவாக்கில் 1600 புள்ளி அளவுக்கு வந்துவிடும். 12க்கு 18 அச்சு தெளிவாக விழ இஞ்ச்சுக்கு 300 புள்ளி என்று கணக்கு வைத்தால் 3600க்கு 5400 வேண்டும். அதனால் எடுத்தவர் போனிலிருந்தே ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். அக்கா மகள் அனுப்பியதில் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. அதைத் துடைக்கவா என்று மகன் கேட்க, "திருவிழாவுல நின்னா வேர்க்காதா, இருக்கட்டும்" என்று அப்பா தடுத்துவிட்டார். தோற்றம், மறைவு தேதிகள் போட வேண்டுமா என்பதற்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. "போட்டா தினம் தேதியத்தான் படிப்பீக." போடவில்லை.

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுகிறார். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் இறங்கிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்து வரும். பின்பக்கத்தைச் சுற்றிலும் டேப் ஒட்டி அடைக்கிறார், ராமபாணப் பூச்சி நுழையாமல் இருக்க. தேக்குச் சட்டம், எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் என்றவர் ஒன்பது நாள் ஆக்கினார், போன் எடுக்கவில்லை. பின்னால் அடித்த கொக்கி படத்தின் கனத்துக்குப் போதாது, நான் வேறு வாங்கி மாற்றினேன். கூடவே விற்ற குட்டி சிவப்பு விளக்கு இரண்டு மாதத்தில் அவுட். சந்தன மாலை என்று கொடுத்ததில் வாசனை ஒரு வாரம், பிறகு வெறும் மரச்சீவல்.

படம் வந்த அன்று அப்பாவிடம் முந்தானை, மூக்குத்தி எதையும் சொல்லாமல் மாட்டினேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நாற்காலி ஹால் பக்கம் திரும்பியிருந்தது.

இதற்குப் பிறகு ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 1977-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. பெண்களிடம் அவர்கள் முகத்தின் நேர்ப் படத்தையும் இடம் வலம் மாற்றிய படத்தையும் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் மாற்றிய படத்தைத்தான் எடுத்தார்கள், அவர்களுடைய தோழிகளோ நேர்ப் படத்தை. நாம் கண்ணாடியில் தினம் பார்த்துப் பழகியது அந்த மாற்றிய முகத்தைத்தானே. அப்படியென்றால் நாங்கள் வேறு யாரோ என்று ஒதுக்கிய அந்த முகம், வெளுப்பை விட்டுவிட்டால், அம்மா அறுபத்தெட்டு வருஷம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த முகம்.

பழைய ஃப்ரேமைக் கொடுத்தால் 200 ரூபாய் கழித்துக்கொள்கிறேன் என்று பெரியவர் சொல்லியிருந்தார். கொடுக்கவில்லை. அடுக்களைக்குப் போகிற வழியில் அம்மா தலைசீவும் கண்ணாடி தொங்கிய ஆணி காலியாக இருந்தது, அதில் மாட்டியிருக்கிறேன். ஹாலில் எங்களுக்கு, அங்கே அவளுக்கு.

கடை மாலை நாலு மணிக்கு மேல்தான் திறக்கும், ஞாயிறு கிடையாது. பைக்கைச் சந்துக்கு வெளியிலேயே நிறுத்திவிடுங்கள்.