கைபேசி மாற்றத்திற்கு ஸ்மார்ட் ஸ்விட்ச்: ஒரு மதிப்பீடு

பழைய கைபேசியில் உள்ளவற்றைப் புதிய கேலக்ஸி கைபேசிக்கு மாற்றுவதற்காகச் சாம்சங் இலவசமாக வழங்கும் ஸ்மார்ட் ஸ்விட்ச் செயலியை வைஃபை வழியாகவும் பயன்படுத்தலாம். ஆயினும் படங்களும் காணொளிகளும் மிகுதியாக இருப்பவர்களுக்குக் கேபிள் இணைப்பையே பரிந்துரைப்பேன்.

கேலக்ஸியிலிருந்து கேலக்ஸிக்கு மாறும்போது, தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றோடு அலாரங்களும், முகப்புத் திரையில் செயலிகளை அடுக்கி வைத்திருந்த ஒழுங்கும்கூட வந்து சேர்ந்துவிடுவதால், புதிய கருவி முதல் நாளிலேயே கைக்குப் பழகியதாகிவிடுகிறது. இதுவே இச்செயலியின் பெருஞ்சிறப்பு. ஐபோனிலிருந்து வருபவர்களுக்கு இவ்வளவு நிறைவு கிட்டாது. செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து புதிதாகவே நிறுவிக்கொள்ள வேண்டும்.

வங்கிச் செயலிகள் வந்தாலும் அவற்றின் உள்நுழைவு உடன் வருவதில்லை. பணத்தின் பாதுகாப்பை எண்ணினால், மீண்டும் பதிவு செய்யும் சிரமத்தை நான் குறையாகக் கருத மாட்டேன். கணக்குகளில் உள்நுழையும்போது கடவுச்சொல்லுக்கு மேலாகக் கேட்கப்படும் இரண்டடுக்குச் சரிபார்ப்புக் குறியீடுகளைத் தரும் செயலியைப் பொறுத்தவரை மிகுந்த கவனம் தேவை: அதன் கணக்குகள் புதிய கைபேசியில் இயங்குவதை உறுதி செய்யாமல், பழைய கைபேசியில் உள்ளவற்றை ஒருபோதும் அழித்துவிடக் கூடாது. வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு இச்செயலியை நம்பியிருக்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கிடையே க்யூஆர் குறியீட்டின் வழியாக அவற்றை நேரடியாக மாற்றும் வசதியை வாட்ஸ்அப்பே 2023ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது.