உப்பேறிய கான்கிரீட்: ஈரத்தை அடைப்பதா, வெளியேற விடுவதா?

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் சன்ஷேட்டின் அடிப்பக்கம் வெடித்துக் காரை பெயரத் தொடங்கியதும், பெயிண்ட் கடைக்காரர் பொதுவாக இரண்டு வகைப் பொருள்களை எடுத்து வைப்பார். ஒன்று, அக்ரிலிக் அல்லது எபாக்ஸி அடிப்படையில் அமைந்த, கான்கிரீட்டின் மேல் தோல் போலப் படிந்து துளைகளை மூடிவிடும் பூச்சு. மற்றொன்று சிலேன், தண்ணீர் போன்ற இந்தத் திரவம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்ளே இறங்கி, நுண்துளைகளை அடைக்காமல் அவற்றின் சுவரில் மட்டும் நீர் ஒட்டாத படலமாகப் படிகிறது. கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும் இடத்துக்கு இரண்டுமே மருந்தல்ல; அங்கே காரையைக் கொத்தி எடுத்துக் கம்பியைச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். இன்னும் வெடிக்காத மற்றப் பகுதிகளுக்கு எதைப் பூசுவது என்பதே இங்கே கேள்வி. அதற்கான விடை உப்பின் அளவைவிட ஈரத்தின் போக்கைப் பொறுத்தது.

கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு இதை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. கடல்நீரில் முழுவதும் மூழ்கிக் கிடக்கும் கான்கிரீட்டுக்குக் கம்பியின் மேல் 45 மி.மீ. 'கவர்' (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) போதும் என்கிறது அந்த விதி. கடல்நீர் தெறிக்கும் பரப்புக்கு 50 மி.மீ. கேட்கிறது, அலை ஏற்ற இறக்கத்தில் நனைந்து நனைந்து காயும் பகுதிக்கோ 75 மி.மீ. வேண்டும் என்கிறது. எந்நேரமும் உப்புநீரில் ஊறிக் கிடப்பதற்குக் குறைவான பாதுகாப்பு போதும் என்பது முதலில் வியப்பாகவே படும்.

கம்பி துருப்பிடிக்க உப்பில் உள்ள குளோரைடு மட்டும் போதாது. மின்னோட்டத்தைக் கடத்த நீரும், வினை தொடர ஆக்சிஜனும் கூடவே வேண்டும். நீர் நிறைந்த துளைகளில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால், மூழ்கிய கான்கிரீட்டில் உப்பு மிகுந்திருந்தும் துரு மெதுவாகவே நகர்கிறது. நன்கு காய்ந்த கான்கிரீட்டில் ஆக்சிஜன் தாராளம், ஆனால் கடத்துவதற்கு நீர் இல்லை. துளைகளின் உள்ளே ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியும் முழுவதும் நிரம்பாமலும் இருக்கும் நிலையில்தான் இரண்டும் ஒருசேரக் கிடைத்து அரிப்பு உச்சத்தை எட்டுகிறது. பிறகு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும் துரு, காரையை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது.

நனைந்து காய்வதில் இன்னொரு கேடும் உண்டு. காய்ந்த கான்கிரீட் உப்புநீரை உறிஞ்சும், வெயில் ஏறியதும் நீர் மட்டும் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். உப்பளத்துப் பாத்தியில் நடப்பதே இங்கே விரற்கடை ஆழத்தில் நடக்கிறது. மறுமுறை நனையும்போது அந்த உப்பு கரைந்து மேலும் உள்ளே இறங்குவதால், சில ஆண்டுகளில் கான்கிரீட்டின் மேற்பகுதியில் உப்பின் செறிவு கடல்நீரில் உள்ளதையும் மிஞ்சிவிட முடியும். போதாக்குறைக்கு, சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடந்ததும் தானாகவே நீரை இழுத்துக் கரையும். (கல்லுப்பு ஜாடி அதற்கும் முன்பே கசியத் தொடங்குவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு.) விடிகாலையில் ஓதம் பூத்துக் கருத்திருக்கும் சுவர் பிற்பகலில் வெள்ளைப் பொடி உதிர்ப்பது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

இந்தப் பின்னணியில் தோல் போன்ற பூச்சை எடுத்துக்கொண்டால், அதன் பலம் தெளிவானது. வெளியிலிருந்து வரும் நீரையும் உப்பையும் மட்டுமல்லாமல் கரியமில வாயுவையும் அது தடுக்கிறது. நெகிழும் வகையாக இருந்தால் மயிரிழை விரிசல்களின் மேல் பாலம் போல் நிற்கும். ஆனால் நீர் பின்பக்கத்திலிருந்து வருமானால் அதே பூச்சு எதிரியாகிவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் தோலுக்குப் பின்னால் தேங்கி, அங்கேயே உப்பைப் படிகமாக்கிக் கொப்புளம் எழுப்புகிறது. கொப்புளத்தை நகத்தால் கீறினால் பட்டியும் உப்புமாகப் பொலபொலவென்று கொட்டும். கொப்புளம் எழாத இடத்தில் நிலைமை மேல் என்று சொல்லவும் முடியாது. அரிப்புக்கு மிகவும் பிடித்த அந்த ஈரநிலையிலேயே கான்கிரீட்டைப் பூட்டி வைத்திருக்கக்கூடும்.

சிலேன் திரவ நீரை உள்ளே விடாமல் ஆவியை வெளியே விடுகிறது. மாதங்கள் செல்லச் செல்ல உள்ளீரம் குறைந்து, மின்தடை கூடி, இருக்கும் உப்பு இருந்தபடியே இருந்தாலும் அரிப்பு தளர்கிறது. கட்டும்போதே உப்பு கலந்துவிட்ட கட்டடங்களில் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஒரு கன மீட்டர் கம்பி போட்ட கான்கிரீட்டில் 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது விதி. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் குளோரைடு உள்ள ஆழ்குழாய் நீரை 180 லிட்டர் ஊற்றிக் கலந்தால் தண்ணீர் வழியாக மட்டுமே 0.54 கிலோ சேர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கான்கிரீட்டில் வெளியுப்பைத் தடுப்பதால் பெரிய பயன் இல்லை. ஈரத்தைக் குறைப்பது ஒன்றே கைவசம் உள்ள வழி.

சிலேனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டியதில்லை. தேங்கி நிற்கும் நீரின் அழுத்தத்தை அது தாங்காது, விரிசலையும் மூடாது. ஈரமான பரப்பில் பூசினால் மேல்தோலோடு நின்றுவிடும் என்பதால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூசுவது வீண். கரியமில வாயுவையும் அது தடுப்பதில்லை. கான்கிரீட் 50 முதல் 70 விழுக்காடு ஈரத்தில் இருக்கும்போதுதான் அந்த வாயு மிக வேகமாக உள்ளே புகுந்து, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் குறைக்கிறது என்பதால், கவர் மிகவும் குறைந்த பழைய சன்ஷேட்டுகளில் ஈரத்தைக் குறைத்து உப்பிடமிருந்து தப்பியவர் வேறொரு துருவுக்கு வாசல் திறந்துவிடவும் கூடும்.

எனவே என் தேர்வு இடத்துக்கு இடம் மாறுகிறது. போதிய கவர் உள்ள சன்ஷேட், பால்கனி விளிம்பு, தரையைத் தொடாத தூண் ஆகியவற்றுக்குச் சிலேன். நீர் தேங்கும் மொட்டைமாடியின் மேற்பரப்புக்குத் தோல் பூச்சு; ஆனால் அதே தளத்தின் அடிப்பக்கத்தையும் எபாக்ஸியால் மூடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மேல்நிலைத் தொட்டியிலும் இதே கணக்குத்தான்: உட்புறத்தை மூட வேண்டும், வெளிப்புறத்தை உலர விட வேண்டும். உவர்நீர் அடியிலிருந்து ஏறும் தூணின் கால்பகுதிக்கு இரண்டும் பயன்படா; நீர் ஏறும் வழியை அடைக்காமல் அங்கே செலவிடும் பணம் வீணாகும்.

நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாதவர்கள், ஏறக்குறைய 45 செ.மீ. சதுரமான பாலித்தீன் தாளை நான்கு ஓரங்களிலும் இடைவெளியின்றி டேப் ஒட்டிச் சுவரில் பதித்து, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். தாளின் சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், ஈரம் உள்ளிருந்து வருகிறது. அன்றைக்குத் தோல் பூச்சு டப்பாவைத் திறக்கக் கூடாது.