சேர்ந்து மனுவா, தனியாக வழக்கா? குழந்தையும் வீட்டுக் கடனும் இருக்கும்போது

விவாகரத்து என்று முடிவாகிவிட்டால் இந்து திருமணச் சட்டத்தில் முக்கியமாக இருப்பது இரண்டு வழி. 13ஆம் பிரிவில் கொடுமை, கைவிட்டுப் போனது மாதிரி ஒரு காரணத்தைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். காலத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால் சேர்ந்து மனு போடலாம், ஆறு மாதம் கழித்துப் போய்ச் சம்மதத்தை உறுதி செய்தால் தீர்ப்பு. ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் உண்மையாகவே பேசி முடிந்து, பிரிந்தும் நாளாகிவிட்டிருந்தால் அந்த ஆறு மாதத்தையும் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. வழக்கு என்றால் வாய்தா, சாட்சி, குறுக்கு விசாரணை, மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் இழுக்கும்.

அதனால் சேர்ந்து மனு போடுவதுதான் நல்லது, ஆனால் "சீக்கிரம் முடிந்தால் போதும்" என்று அரைப் பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் சண்டை தீராது, தள்ளித்தான் போகும்.

குழந்தை விஷயத்தில் எந்த வழியில் போனாலும் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாக அம்மாவிடம்தான் இருக்கும். வழக்கு நடந்தால் நீதிபதி அறைக்குள் கூப்பிட்டு "யாரோடு இருக்க விரும்புகிறாய்" என்று பிள்ளையிடமே கேட்கும் நிலை வரலாம், அதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் "அப்பா அவ்வப்போது பார்க்கலாம்" என்று எழுதினால் அது ஒன்றுக்கும் உதவாது. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை ஆறு, பள்ளி விடுமுறையில் பாதி, கூட்டி வருவது யார், பள்ளிக் கட்டணம் யார், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து யார் என்று எழுதுங்கள். "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று அம்மா எழுதிக் கொடுத்தாலும் குழந்தையின் பராமரிப்பு உரிமை போய்விடாது.

சொத்தில்தான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். விவாகரத்து ஆனால் பாதி தானாக வரும் என்ற சட்டம் இங்கே இல்லை, பெரும்பாலும் பத்திரம் யார் பெயரில் என்பதுதான் பேசும். பெண்ணுக்கு வந்த நகையும் சீரும் அவளுடையது. கூட்டுப் பெயரில் கடன் வாங்கிய வீடு என்றால் விவாகரத்துத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. மற்றவர் இஎம்ஐ கட்டாவிட்டால் உங்களைத்தான் கேட்பார்கள். ஆகவே விடுதலைப் பத்திரம் (வீட்டில் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிவாவதும் கடனிலிருந்து பெயர் நீங்குவதும் எந்தத் தேதிக்குள் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

அப்போ வழக்கு எப்போது சரி? அடி உதை இருக்கும்போது, எதிர்ப்பக்கம் வருமானத்தை மறைக்கும்போது. ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் சொத்து, கடன், வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். கணக்கு வெளியே வந்த பிறகு சமரச மையத்தில் பேசி 13பிக்கு மாறிக்கொள்ள முடியும். மாறும்போது இதை மறக்காதீர்கள்: தீர்ப்பு வருவதற்கு முன் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அதனால் பேசிய பணத்தில் ஒரு பகுதியை இரண்டாவது முறை நீதிமன்றம் போகும் நாளுக்கு வைத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.