ரேம் இல்லாத முகவரியில் கியூஎமு தரும் பதில்

சொந்தமாக ஒரு சின்ன கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதுகிறவன் பார்வையில், கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎமு, ப்ராசசரின் துணையோடு அதை வேகமாக ஓட்டவைக்கும் லினக்ஸின் கேவிஎம் என்ற ஜோடிக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன். விண்டோஸ் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்த விமர்சனம் பெரிதாக உதவாது. ரேமும் இல்லாமல், எந்தச் சாதனமும் இல்லாமல் இருக்கும் மெமரி முகவரியை கெஸ்ட் (உள்ளே ஓடும் மெய்நிகர் கணினி) தொட்டால் என்ன ஆகிறது என்பதைத்தான் நான் பார்த்தேன்.

எக்ஸ்86 மெஷினுக்கு 128 எம்பி ரேம் கொடுத்து, 1 ஜிபியில் உள்ள முகவரியைப் படிக்கவைத்தேன். அந்த முகவரிக்கு கேவிஎம்மிடம் மெமரி ஸ்லாட் (கெஸ்டின் முகவரியை நிஜ மெமரியோடு இணைக்கும் பதிவு) இல்லை. உடனே ப்ராசசர் கெஸ்டை விட்டு வெளியேறுகிறது. கேவிஎம் அதை எம்எம்ஐஓ (மெமரி முகவரி வழியாகச் சாதனத்தைத் தொடுவது) என்று எடுத்துக்கொண்டு கியூஎமுவிடம் தள்ளுகிறது. கியூஎமு தன் மேப்பில் தேடிவிட்டு 0 என்கிறது. எழுதினாலோ, எழுதியது சத்தமில்லாமல் தொலைகிறது.

நிஜ பிசியில் இப்படிப் படித்தால் பெரும்பாலும் எல்லா பிட்டும் 1 ஆக வரும். அதை வைத்துத்தான் பல டிரைவர்கள் 'இங்கே சாதனம் இல்லை' என்று முடிவுசெய்கின்றன. கியூஎமுவிலேயே, ஒதுக்கப்படாத ஐஓ போர்ட்டை (சாதனங்களுக்கென்று எக்ஸ்86-இல் உள்ள தனி முகவரி) படித்தால் எல்லாம் 1 தான். மெமரிக்கு மட்டும் 0. நான் ஒரு மதிப்பெண் குறைத்தது இதற்காகத்தான்.

ஆர்ம் வகை ப்ராசசரில் இன்னும் குழப்பம். கியூஎமுவின் பொதுவான 'விர்ட்' மெஷினை டிசிஜியில் (கேவிஎம் இல்லாமல் மென்பொருளாலேயே ப்ராசசரைப் போலச் செய்யும் முறை) ஓட்டினால் அதே தவறுக்கு எக்ஸ்டர்னல் அபார்ட் என்ற பிழை வருகிறது, கர்னலின் ஹேண்ட்லர் ஓடுகிறது. கேவிஎம்மில் ஓட்டினால் மறுபடியும் அமைதியான 0. கர்னல் எழுதுகிறவர்கள் இரண்டிலும் சோதிக்க வேண்டும். ஒன்றில் தேறியது மற்றதில் தேறும் என்று நம்ப முடியாது.

ஆனாலும் இதை விட்டு நகர மனமில்லை. காரணம், கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறது. கட்டளையில் '-டி இன்வாலிட்_மெம்' (பழைய பதிப்புகளில் '-டி கெஸ்ட்_எரர்ஸ்') சேர்த்தால் எந்த முகவரி, எத்தனை பைட், படித்ததா எழுதியதா என்று வரிவரியாக லாகில் விழுகிறது, கேவிஎம்மிலும் விழுகிறது. கியூஎமுவுக்குக் கட்டளை தரும் இடமான மானிட்டரில் 'இன்ஃபோ எம்ட்ரீ' அடித்தால் முகவரி மேப் முழுவதும் கண்முன் வந்துவிடும். இந்த இரண்டும் இல்லாமல் கர்னல் சோதிக்க நான் இனி தயாரில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை: ஒவ்வொரு தொடுதலுக்கும் யூசர்ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளியே கியூஎமு ஓடும் இடம்) வரை போய்வருவதால், காலி முகவரியில் லூப் போட்டுத் தேடும் கோட் ஊர்ந்துதான் போகும்.

படிப்பதும் எழுதுவதும் இருக்கட்டும். எக்ஸ்86-இல் கெஸ்ட் அந்தக் காலி இடத்துக்கே தாவினால், எடுத்து ஓட்ட இன்ஸ்ட்ரக்ஷன் இல்லாமல் கேவிஎம் 'இன்டர்னல் எரர்' சொல்கிறது. கியூஎமு எல்லா ரெஜிஸ்டரையும் அச்சிட்டுவிட்டு மெஷினை அப்படியே நிறுத்திவைக்கிறது. அதில் ஆர்ஐபியை (ஓட வேண்டிய இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரி இருக்கும் ரெஜிஸ்டர்) பார்த்தாலே கர்னல் எங்கே தாவியது என்று தெரிந்துவிடும்.